கேட்டலிடிக் விறகு ஸ்டவ்: புகையை எரிப்பது யார் வேலை?

விறகுக்கட்டை பற்றிக்கொண்டதும் முதலில் எரிவது கட்டை அல்ல. சூட்டில் அதிலிருந்து கிளம்பும் வாயுக்கள்தான் கொழுந்துவிட்டு எரிகின்றன. விறகில் உள்ள ஆற்றலில் பாதிக்கு மேல் இந்த வாயுக்களில்தான் இருக்கிறது. மிச்சம் கடைசியில் தணலாகக் கனன்று தீரும். வாயு பற்றி எரிய ஏறத்தாழ 540 முதல் 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், தாராளமாகக் காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது எரியாமல் புகையாகிப் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய விறகில் கணிசமான பங்கு அப்படியே புகைபோக்கி வழியாக வெளியேறுகிறது.

நம் ஊர் விறகடுப்பு திறந்த அடுப்பு. காற்றுக்குப் பஞ்சமில்லை, சோறு வடித்தவுடன் விறகை வெளியே இழுத்துவிடலாம். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலோ கனடாவிலோ வீட்டைச் சூடாக்க ஸ்டவ் வைத்திருப்பவரின் தேவை வேறு. வெளியே மைனஸ் 20 டிகிரி. இரவு பத்து மணிக்கு அடுக்கிய விறகு காலை ஆறு மணி வரை நின்று எரிய வேண்டும். அதற்குக் காற்றை அடைத்துத் தீயை மந்தமாக்கியாக வேண்டும். மந்தமான தீயோ புகையத்தான் செய்யும். நீண்ட நேரம் எரியவும் வேண்டும், புகையவும் கூடாது என்ற இந்த இழுபறிக்கு விடையாக வந்ததுதான் கேட்டலிடிக் ஸ்டவ்.

இந்த இழுபறி பெரிதானது 1970-களில். 1973-இல் எண்ணெய் ஏற்றுமதித் தடை, 1979-இல் மறுபடியும் விலையேற்றம். எண்ணெய் பர்னரை நம்பியிருந்த, வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்துக் குடும்பங்கள் விறகுக்குத் திரும்பின. 1975-இல் வெர்மாண்டின் ராண்டால்ஃப் என்ற சிற்றூரில் தொடங்கிய வெர்மாண்ட் காஸ்டிங்ஸ் போன்ற நிறுவனங்கள் காற்றுப் புகாத வார்ப்பிரும்பு ஸ்டவ்களைச் செய்து விற்றன. காற்றுத் துவாரத்தை மூடிவிட்டால் இரவெல்லாம் கனலும். அன்றைக்கு அது பெரிய வசதியாகத்தான் தெரிந்தது. ஆனால் எரியாத புகை குளிர்ந்த புகைபோக்கியின் சுவரில் தார் போலப் படிந்தது. கிரியோசோட் எனப்படும் இந்தப் படிவம் தீப்பிடித்தால் புகைபோக்கியே கொள்ளிக்கட்டையாகிவிடும். ஊருக்குள்ளும் புகை மூடியது. மலைகளுக்கு நடுவே கிண்ணம் போல் அமைந்த ஊர்களில் கேட்கவே வேண்டாம்.

விடை வந்தது கார்த் தொழிலிலிருந்து. 1975 மாடல் அமெரிக்கக் கார்களில், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வரத் தொடங்கியது. அதற்கான தேன்கூடு வடிவப் பீங்கானைக் கார்னிங் நிறுவனம் உருவாக்கியிருந்தது. சூட்டில் அதிகம் விரியாத கார்டியரைட் என்ற பொருளால் செய்த கட்டி அது. உள்ளே நூற்றுக்கணக்கான நுண்துளைகள், துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம் பூச்சு. 1980 வாக்கில் இதையே விறகு ஸ்டவ்வுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். விறகுப் புகையில் சாம்பல் உண்டு என்பதால் துளைகளைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. காரில் ஒரு சதுர அங்குலத்துக்கு 400 துளைகள் என்றால் ஸ்டவ்வில் 16 அல்லது 25தான். இன்று பீங்கானுக்குப் பதில் மெல்லிய எஃகுத் தகட்டைச் சுருட்டிச் செய்தவையும் பரவலாக உண்டு.

கேட்டலிஸ்ட், அதாவது வினையூக்கி, எனப்படும் இந்தக் கட்டியைப் புகையை வடிகட்டும் சல்லடை என்று பலரும் நினைக்கிறார்கள். அது எதையும் பிடித்துவைப்பதில்லை, எரிக்கிறது. புகை பற்றுவதற்கு 540 டிகிரிக்கு மேல் தேவைப்பட்டதல்லவா? பிளாட்டினத்தின் மேற்பரப்பில் அதே வேலை 260 டிகிரியிலேயே தொடங்கிவிடுகிறது. தொடங்கியபின் அந்த எரிதலின் சூடே கட்டியை 700, 800 டிகிரிக்குக் கொண்டுபோகும். ஆக, அடுப்பில் தீ மந்தமாக இருந்தாலும் மேலே இன்னொரு தீ நடக்கிறது. புகையே அதற்கு எரிபொருள். இதனால்தான் சில பெரிய கேட்டலிடிக் ஸ்டவ்கள் ஒரு முறை அடுக்கிய விறகில் 20, 30 மணி நேரம் தாங்குவதாக விளம்பரம் செய்கின்றன. குறைந்த சூட்டில் வைத்து, நல்ல விறகும் போட்டால் அது வெற்றுப் பேச்சு அல்ல.

சட்டமும் பின்னாலேயே வந்தது. ஸ்டவ்களுக்குப் புகை வரம்பு விதிக்க முதலில் சட்டம் கொண்டுவந்த மாநிலம் ஓரிகன், அது 1983. நாடு முழுவதற்குமான விதியை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ 1988-இல் அறிவித்தது. பழைய ஸ்டவ்கள் மணிக்கு 15 முதல் 30 கிராம் வரை புகைத்துகள் கக்கிக்கொண்டிருந்தன. 1990 முதல் கேட்டலிஸ்ட் இல்லாதவற்றுக்கு 7.5 கிராம், உள்ளவற்றுக்கு 4.1 கிராம் என்று வரம்பு வந்தது. உள்ளதற்கு ஏன் கடுமையான வரம்பு? கேட்டலிஸ்ட் நாளடைவில் தேயும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான். புதிதாக இருக்கும்போது கூடுதல் சுத்தமாக இருந்தால் தேய்ந்தபின் சராசரி சரியாக வரும் என்ற எண்ணம். 2015-இல் விதி திருத்தப்பட்டபோது இந்த வேறுபாட்டை எடுத்துவிட்டார்கள். 2020 மே 15 முதல் எந்த வகையானாலும் மணிக்கு 2 கிராம்; வழக்கமான பிளந்த விறகால் சோதித்தால் 2.5 கிராம். தேய்மானம் விதியிலிருந்துதான் போயிற்று, கட்டியிலிருந்து போகவில்லை.

இந்த எண்களை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கும் சோதனையில் எரிப்பது காட்டு விறகு அல்ல. ஒரே அளவாக அறுத்த டக்ளஸ் ஃபிர் மரச்சட்டங்களை, இடையில் இடைவெளி விட்டு, ஆணியடித்துக் கூண்டு போலச் செய்கிறார்கள். ஏற்கெனவே தணல் பரப்பிச் சூடாக இருக்கும் ஸ்டவ்வில் அதை வைத்த பிறகுதான் அளவீடு தொடங்கும். குளிர்ந்த ஸ்டவ்வைப் பற்றவைக்கும் அந்த முதல் அரை மணி நேரம் கணக்கிலேயே வராது. வீட்டில் அதிகப் புகை வருவது அப்போதுதான். கேட்டலிஸ்ட் இன்னும் சூடாகியிருக்காது.

2023 பிப்ரவரியில் இபிஏ-வின் உள்தணிக்கை அலுவலகமே ஓர் அறிக்கை வெளியிட்டது. ஸ்டவ்கள் முறையாகச் சோதிக்கப்பட்டுச் சான்று பெற்றுத்தான் கடைக்கு வருகின்றன என்று நம்புவதற்கு இந்தத் திட்டம் போதிய உறுதி தரவில்லை என்பது அதன் முடிவு. 1998-99-இல் ஓரிகனின் கிளாமத் ஃபால்ஸ், போர்ட்லண்ட் ஊர்களில் வீடுகளில் வைத்தே அளந்தபோதும், சில ஆண்டுகள் பயன்பட்ட சான்று பெற்ற ஸ்டவ்கள் தங்கள் சான்று எண்ணைவிட அதிகமாகவே புகைத்தன. ஆகவே ஸ்டவ்வின் சான்றுத் தகட்டில் 0.8 கிராம் என்றும் 1.1 கிராம் என்றும் இருப்பதை ஒப்பிட்டு ஸ்டவ் வாங்குவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அந்த வித்தியாசத்தை ஒரே ஒரு ஈர விறகு விழுங்கிவிடும்.

விறகு விஷயத்துக்கு வந்துவிட்டோம். கேட்டலிடிக் ஸ்டவ்வைப் பராமரிப்பது என்றால் பத்தில் ஏழு பங்கு விறகைப் பராமரிப்பதுதான். புதிதாக வெட்டிய மரத்தில் எடையில் பாதிக்கு அருகில் தண்ணீர் இருக்கலாம். எரிப்பதற்கு அது 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். ஈர விறகில், தீயின் சூடு முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். வாயு சூடாகாது, கேட்டலிஸ்ட் 260-ஐத் தொடவே திணறும். தொட்டபின் ஈரக்கட்டையைப் போட்டால் இன்னொரு வம்பு: தகதகவென்றிருக்கும் பீங்கான் மேல் நீராவி பாய்ந்து சடாரெனக் குளிர, அது வெடித்துப் பொரிந்துபோகும்.

மரத்துக்கு மரம் காயும் காலம் வேறு. பைன், ஆஷ் போன்றவை பிளந்து அடுக்கினால் ஒரு கோடையில் தேறிவிடும். ஓக் அப்படியல்ல, இரண்டு ஆண்டாவது கேட்கும். சிலர் மூன்று ஆண்டு வைப்பார்கள். அதாவது இந்தக் குளிர்காலத்துக்கான பராமரிப்பு இரண்டு கோடைக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். பிளந்து அடுக்குவது முக்கியம். உருண்டையாக வைத்த கட்டை பட்டைக்குள்ளேயே ஈரத்தை வைத்துக்கொள்ளும். அடியில் பலகை வைத்துத் தரையிலிருந்து உயர்த்தி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட வேண்டும். தார்ப்பாயால் நான்கு பக்கமும் போர்த்துபவர்கள் நல்லெண்ணத்தோடு விறகைப் புழுங்க வைக்கிறார்கள்.

விறகு அங்கே கார்டு கணக்கில் விற்கும். ஒரு கார்டு என்பது 4 அடிக்கு 4 அடிக்கு 8 அடி, 128 கன அடி. வியாபாரி 'நன்றாகக் காய்ந்தது' என்பார். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு ஊசி கொண்ட சிறிய ஈரப்பத மீட்டர் மலிவாகவே கிடைக்கிறது. கட்டையின் வெளிப்புறத்தில் குத்திப் பார்த்தால் காய்ந்ததாகத்தான் காட்டும். அப்போதே பிளந்த புதிய முகத்தில் குத்திப் பார்க்க வேண்டும். கட்டை உறைபனியில் கிடந்திருந்தால் உள்ளே கொண்டுவந்து அறைச் சூட்டுக்கு வரவிட்டு அளப்பது நல்லது.

சரி, ஓட்டுவது எப்படி? கேட்டலிடிக் ஸ்டவ்வில் மற்றவற்றில் இல்லாத ஒரு கைப்பிடி உண்டு: பைபாஸ். திறந்திருந்தால் புகை கேட்டலிஸ்ட்டைத் தொடாமல் நேரே புகைபோக்கிக்குப் போகும். மூடினால் கட்டி வழியாகத்தான் போக வேண்டும். பற்றவைக்கும்போது திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் புகை அறைக்குள் வரும். கட்டிக்கு அருகில் செருகிய வெப்பமானி 260-ஐக் காட்டியதும் மூட வேண்டும். மூடியபின் உடனே காற்றைக் குறைக்காமல் கால் மணி, அரை மணி நன்றாக எரியவிட்டு, பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும். மறுபடி விறகு போடும்போது முதலில் பைபாஸைத் திறந்து, சற்றுப் பொறுத்துக் கதவை மெதுவாகத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் முகத்தில் புகை அடிக்கும், கட்டி மேல் குளிர்காற்றும் பாயும். பைபாஸைத் திறந்தே விட்டுவிட்டுத் தூங்கப்போவது இந்த ஸ்டவ்காரர்கள் செய்யும் மிகச் சாதாரணமான தவறு. அந்த இரவு முழுக்க அது 1970-களின் ஸ்டவ்தான், அதோடு பைபாஸ் வழியே பாயும் கடுஞ்சூடு இரும்பையும் வளைக்கும்.

புதிதாக வாங்கியவர்களைக் கலங்கடிக்கும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, கேட்டலிஸ்ட் செந்நிறத்தில் ஒளிரவில்லையே என்பது. மந்தமான தீயில் அது ஒளிராமலே வேலை செய்யும். வெப்பமானியைப் பார்க்க வேண்டும், நிறத்தை அல்ல. இரண்டு, விடியற்காலையில் வெப்பமானி தாழ இறங்குவது. அப்போது அடுப்பில் இருப்பது தணல் மட்டுமே. புகை இல்லை, ஆகவே எரிக்கவும் எதுவும் இல்லை. கெட்டுப்போனதற்கான அடையாளம் வேறு: நல்ல விறகு போட்டு, பைபாஸை மூடி அரை மணி ஆனபின்னும் சூடு ஏறாமல், வெளியே போய்ப் பார்த்தால் புகைபோக்கியிலிருந்து நீலம் கலந்த சாம்பல்நிறப் புகை நீளமாக இழுத்துக்கொண்டு போவது. வெண்மையாகக் கிளம்பிச் சில அடிகளிலேயே மறைந்துவிட்டால் அது நீராவி, கவலை வேண்டாம்.

கேட்டலிஸ்ட்டைக் கொல்பவை மூன்று: விஷம், அடைப்பு, முன்பே சொன்ன திடீர்க் குளிர்ச்சியின் அதிர்ச்சி. ஈயம், துத்தநாகம், கந்தகம், பாஸ்பரஸ் ஆகியவை பிளாட்டினத்தின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். பெயின்ட் அடித்த பலகை, பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய மரம், வண்ண அச்சுக் காகிதம், பிளாஸ்டிக், நிலக்கரி, கடலில் ஒதுங்கிய உப்பு மரம் எதையும் உள்ளே போடக் கூடாது. ஸ்டவ் குப்பைத்தொட்டி அல்ல என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும், விருந்தாளிகளுக்கும் சேர்த்து. துளைகளில் பறக்கும் சாம்பல் அடைத்துக்கொள்வதை ஸ்டவ் நன்றாகக் குளிர்ந்தபின் மென்மையான தூரிகையாலோ, படாமல் பிடித்த வாக்குவம் குழாயாலோ எடுக்கலாம். குச்சியால் குத்தினால் பூச்சு போய்விடும், பீங்கானும் உதிரும்.

வினிகர் வைத்தியம் ஒன்று பிரபலம், பல தயாரிப்பாளர்களே சொல்லித்தருவது. வெள்ளை வினிகரும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்து, அதில் கட்டியை அரை மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு, பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு முறை அலசி, முழுக்கக் காயவைத்து மாட்டுவது. சாம்பலில் உள்ள பொட்டாசியம், கால்சியம் போன்ற கார உப்புகளை அமிலம் கரைத்துவிடுவதால் மூடிக்கிடந்த பூச்சு வெளியே தெரியும். மந்தமான கட்டி இதனால் மீண்டும் சுறுசுறுப்பாவது உண்டு. சூட்டில் உருகித் திரண்டு பரப்பிழந்த பிளாட்டினத்தையோ ஈயம் படிந்ததையோ வினிகர் மீட்காது. குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள தாதுக்கள் புதிதாகப் படியும். சோப்பும் வேண்டாம். கையேட்டில் வேறு முறை சொல்லியிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும், உத்தரவாதம் போய்விடக் கூடாதல்லவா.

நன்றாக வைத்திருந்தால் கட்டி 10,000 முதல் 12,000 மணி நேரம் உழைக்கும் என்பது பொதுவான கணக்கு. குளிர்காலம் முழுக்க இரவும் பகலும் எரிப்பவருக்கு அது மூன்று ஆண்டோ கொஞ்சம் கூடவோ. மாலையில் மட்டும் எரிப்பவருக்கு இன்னும் நீளும். புதிது சில நூறு டாலர் ஆகும். ஸ்டவ் வாங்கும்போதே இந்தச் செலவையும் சேர்த்துப் பார்க்காதவர்கள்தான் செத்த கட்டியோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

கட்டியை மாற்றியும் புகை வந்தால், இடுக்கை அடைக்கும் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். கதவைச் சுற்றியிருக்கும் கயிறு தட்டையாகிவிட்டால் காற்று கசிந்து தீ கட்டுக்கு அடங்காது. ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்ப்பார்கள். எளிதாக உருவிக்கொண்டு வந்தால் கயிறு மாற்றும் நேரம். பைபாஸ் தகட்டின் கேஸ்கட் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. அது கசிந்தால் புகை குறுக்குவழியில் போய்விடும், கட்டி எவ்வளவு புதிதானாலும் பயனில்லை.

இந்த ஸ்டவ் சூட்டை நன்றாக உறிஞ்சிக்கொள்வதால் புகைபோக்கிக்குப் போகும் வாயு குளிர்ந்திருக்கும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். வாயு 120 டிகிரிக்குக் கீழே போனால் எஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்சப் புகையும் கிரியோசோட்டாகப் படியும். உச்சியிலுள்ள தொப்பி வலைதான் முதலில் அடைக்கும். குளிர்ந்த வாயுவுக்கு மேலிழுப்பும் குறைவு. வீட்டுக்கு வெளியே நிற்கும் பழைய செங்கல் புகைபோக்கியில் அப்படியே சொருகினால் ஏமாற்றம்தான். உள்ளே வெப்பக்காப்புள்ள எஃகுக் குழாய் இறக்க வேண்டும். பெரும்பாலான கையேடுகள் குறைந்தது 15 அடி உயரம் கேட்கும். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடி மேலே, 10 அடி சுற்றுக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரமாக இருக்க வேண்டும் என்பது அங்கே எல்லோரும் பின்பற்றும் விதி. ஆண்டுக்கு ஒரு முறை புகைபோக்கி துடைப்பவரை அழைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வீட்டில் கட்டாயம். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, மரத்தளத்தில் இல்லாமல் வைக்க வேண்டும். சாம்பலுக்குள் தணல் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இவ்வளவு பாடு யாருக்கு? எனக்குத் தெரிந்தவரை, விறகையே முக்கிய வெப்பமாக நம்பி, விறகு உலர்த்த இடமும் பொறுமையும் உள்ளவருக்கு இதைவிட நல்ல ஸ்டவ் இல்லை. சனி ஞாயிறு மட்டும் தீ மூட்டிக் கொழுந்தைப் பார்த்து ரசிக்க விரும்புபவர் இதை வாங்கக் கூடாது. மந்தமாக ஓட்டும்போது உள்ளே கொழுந்தே தெரியாது, கதவுக் கண்ணாடியும் கறுத்துப்போகும். அவருக்கு மேலே துளைக்குழாய்கள் வழியாகச் சூடான காற்றைப் பாய்ச்சிப் புகையை எரிக்கும் கேட்டலிஸ்ட் இல்லாத வகை போதும். இரண்டையும் சேர்த்த கலப்பு ஸ்டவ்களும் இப்போது உண்டு. 2013 நவம்பரில் வாஷிங்டனில் நடந்த ஸ்டவ் வடிவமைப்புப் போட்டியில் முதல் பரிசு பெற்றது நியூ ஹாம்ப்ஷயரின் வுட்ஸ்டாக் சோப்ஸ்டோன் செய்த அப்படியொரு கலப்பு ஸ்டவ்தான்.

ஊர் அளவில் பார்த்தால் ஸ்டவ்களை மாற்றுவதால் பலன் உண்டு. மொன்டானாவின் லிபி என்ற மலையூரில் 2005 முதல் 2007 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய ஸ்டவ்களை மாற்றினார்கள். குளிர்காலக் காற்றில் நுண்துகள் கால் பங்குக்கும் மேல் குறைந்தது. அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸில் கதை வேறு. குளிர்காலத்தில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துவிடும், புகை மேலே போக வழியில்லை. 2009-இல் நுண்துகள் வரம்பை மீறிய பகுதியாக அறிவிக்கப்பட்ட அந்த ஊர் 2017-இல் 'தீவிர' நிலைக்குத் தள்ளப்பட்டது. ஸ்டவ் மாற்ற மானியம் கொடுத்ததோடு நிற்காமல் அங்கே விறகின் ஈரத்துக்கே விதி போட்டார்கள். வியாபாரி காய்ந்த விறகைத்தான் விற்க வேண்டும். என் பார்வையில் அதுதான் சரியான இடத்தில் கைவைத்த விதி.

பழைய வீடு வாங்குபவர்களுக்கு ஒன்று. வட அமெரிக்காவில் வீடு வாங்கும் நம்மவர்களும் இதில் அடக்கம். வீட்டோடு வரும் ஸ்டவ்வின் பின்புறத் தகட்டைப் பாருங்கள். சான்று இருந்தால் அதில் எழுதியிருக்கும், கேட்டலிடிக் வகையா என்பதும் தெரியும். அப்புறம் கட்டி உள்ளே உண்மையிலேயே இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இழுப்பு சரியில்லை என்று முந்தைய உரிமையாளர் அதைக் கழற்றி எறிந்திருப்பது அபூர்வம் அல்ல. ஓரிகனில் என்றால் வேலை விற்பவருடையது: 2010 ஆகஸ்ட் முதல் அங்கே வீடு கைமாறும்போது சான்றில்லாத ஸ்டவ்வை அகற்றி உடைத்துவிட வேண்டும், வேறொருவருக்கு விற்கவும் கூடாது.